நாட்டுத் தக்காளி எந்த நாடு?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் துணிப்பை.

''ஏம்மா, தக்காளி எவ்ளோ?''

''எது சார்... நாட்டுதா, பெங்களூரா?''

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் காய்கறி வாங்கிய யாருக்கும் இந்தக் கேள்வி புதுசில்லை. நாட்டுத் தக்காளி என்றால் கொஞ்சம் தட்டையாக இருக்கும். காம்புப் பக்கம் பச்சை தெரியும். அழுத்திப் பிடித்தால் விரல் உள்ளே போய்விடும். நல்ல புளிப்பு. பெங்களூர் தக்காளி முட்டை மாதிரி நீளமாக, கெட்டித் தோலோடு, சதைப்பற்றாக இருக்கும். ஒரு வாரம் கூடையில் கிடந்தாலும் அசையாது. ''ரசத்துக்கு நாட்டுது, குருமாவுக்கு பெங்களூரு'' என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம்.

அன்றைக்கு எனக்கு வேறு பிரச்னை. காலேஜ் போகும் என் பெண்ணுக்கு பாஸ்தா வேண்டும். முந்தின ஞாயிறும் இதே ஆசைதான். தெருமுனைக் கடையில் 'டொமேட்டோ சாஸ்' என்று ஒரு பாட்டில் வாங்கி வந்து, வேகவைத்த மக்ரோனியில் கவிழ்த்துக் கிளறிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவள் தட்டை நகர்த்திவிட்டாள்.

''அப்பா, இது சாஸ் இல்ல. கெச்சப். சமோசாவுக்குத் தொட்டுக்கறது! இத்தாலில எல்லாம் சாஸை வீட்லயே செய்வாங்க. தக்காளி, பூண்டு, எண்ணெய், உப்பு, நாலு இலை. அவ்ளோதான்.''

அதனால்தான் இந்த ஞாயிறு மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். இத்தாலி சாஸுக்கு நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா? யோசிக்க யோசிக்க, இன்னொரு சந்தேகம் முளைத்தது. நாட்டுத் தக்காளி, நாட்டுத் தக்காளி என்கிறோமே... அது எந்த நாட்டுத் தக்காளி?

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 'தக்காளி' சுத்தமான தமிழ் வார்த்தை. ஆனால், அந்தப் பெயர் முதலில் இந்தப் பழத்துக்கு வைத்ததில்லை! மணத்தக்காளி தெரியும். வாய்ப்புண்ணுக்கு அம்மா வைத்துக் கொடுப்பாளே, கறுத்த குட்டிப் பழம், அது. சொடக்குத் தக்காளி தெரியுமா? காகிதம் போன்ற ஒரு பைக்குள் குட்டிப் பழம் ஒளிந்திருக்கும். சின்ன வயதில் அந்தப் பையை நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடித்து விளையாடியிருப்பீர்கள். காலி மனைகளும் ஏரிக்கரையும் நிறைய இருந்த காலத்தில் சேலையூர், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் அது தானாக முளைத்துக் கிடந்தது. தமிழர்கள் 'தக்காளி' என்று கூப்பிட்டது இந்த மாதிரிச் செடிகளைத்தான்.

பிறகு கப்பலில் ஒரு புதுப் பழம் வந்து இறங்கியது. பார்க்க நம்ம தக்காளியின் பெரியப்பா மாதிரி இருந்தது. சீமையிலிருந்து வந்ததால் 'சீமைத் தக்காளி' என்றார்கள். பழைய அகராதிகளில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. காலப்போக்கில் 'சீமை' உதிர்ந்து போய், வெறும் தக்காளி ஆனது. பிறகு ஹைபிரிட் ரகங்கள் வந்து சேர, பழைய சீமைத் தக்காளிக்குப் பதவி உயர்வு கிடைத்தது... 'நாட்டுத் தக்காளி'!

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். இதே கதை உலகத்தின் அந்தக் கோடியிலும் நடந்திருக்கிறது. தக்காளியின் காட்டு மூதாதை, தென் அமெரிக்காவில் பெரு, ஈக்வடார் பக்கம் பட்டாணி சைஸில் காய்த்துக் கிடந்த ஒரு செடி. அதைப் பெரிய பழமாக வளர்த்தெடுத்த பெருமை மெக்ஸிகோவின் பழங்குடி மக்களுக்கு. அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் மொழியில் 'தொமாத்ல்' என்றால், காகிதப் பைக்குள் காய்க்கும் ஒரு பச்சைக் காயையும் குறிக்கும். அதாவது நம்ம சொடக்குத் தக்காளியின் சொந்தக்கார இனம். இன்றைய தக்காளிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷித்தொமாத்ல்'. வந்து சேர்ந்த ஸ்பானியர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. முன்னால் இருந்த 'ஷி'யை விட்டுவிட்டு, எல்லாமே 'தொமாத்தே' என்றார்கள். நாம் 'சீமை'யை விட்ட மாதிரியே!

1521. ஹெர்னான் கோர்ட்டெஸ் தலைமையில் வந்த ஸ்பானியப் படை, அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானைப் பிடித்து அழித்தது. அதற்குப் பிறகு அங்கே போன சஹாகுன் என்ற பாதிரியார், அந்த மக்களின் வாழ்க்கையை உட்கார்ந்து விலாவாரியாக எழுதி வைத்தார். சந்தையில் தக்காளி விற்பவர்களைப் பற்றி எழுதுகிறார். தக்காளியும் மிளகாயும் சேர்த்து அரைத்த சாஸ் வகைகளைத் தயாராகச் செய்து விற்றவர்களைப் பற்றியும் எழுதுகிறார். ஆக, உலகின் முதல் தக்காளி சாஸ் வியாபாரிகள் இத்தாலியர்கள் இல்லை. மெக்ஸிகோ சந்தையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். நாடு போனது, நகரம் போனது, கோயில் போனது. சட்னி மட்டும் பிழைத்துக்கொண்டது.

தக்காளி ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. உடனே எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்களா? அதுதான் இல்லை. பயந்தார்கள்!

1544ல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் தன் மூலிகைப் புத்தகத்தில் இந்தப் புதுப் பழத்தைப் பற்றி எழுதினார். கத்திரிக்காயின் உறவு என்று சரியாகவே கண்டுபிடித்தார். 1554ல் வந்த அடுத்த பதிப்பில் இதற்கு 'பொமி தோரோ' என்று பெயர் கொடுத்தார். தங்க ஆப்பிள் என்று அர்த்தம். இன்றும் இத்தாலியில் தக்காளி 'பொமோதோரோ'தான். பெயரில் தங்கம் இருந்தாலும், சந்தேகம் மட்டும் தீரவில்லை. கத்திரிக் குடும்பத்தில் விஷச்செடிகள் உண்டு. இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி வாடை வேறு. 1597ல் ஜெரார்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய மூலிகைப் புத்தகமும் தக்காளிக்கு நல்ல சர்டிபிகேட் தரவில்லை.

1548 அக்டோபர் மாதம் இன்னொரு காட்சி. ஃபிளாரன்ஸை ஆண்ட கோசிமோ தே மெதிச்சி அப்போது பைசா நகரத்தில் இருக்கிறார். அவருடைய தோட்டத்திலிருந்து ஒரு கூடை தக்காளி வந்து சேர்கிறது. அரண்மனை நிர்வாகி, 'பத்திரமாக வந்து சேர்ந்தது' என்று கடிதம் எழுதுகிறார். கூடையைத் திறந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதை என்ன செய்வது? தின்பதா, மேஜை மேல் அழகுக்கு வைப்பதா? இத்தாலி என்றதும் நம் நினைவுக்கு வருகிற அந்தச் சிவப்பு சாஸின் வரலாறு, இப்படி முழித்துக்கொண்டு நின்றதில்தான் ஆரம்பிக்கிறது.

அந்த முழிப்பு கிட்டத்தட்ட நூற்றைம்பது வருஷம் நீடித்தது. சமையல் புத்தகத்தில் தக்காளி சாஸ் இடம்பிடித்தது அதற்கப்புறம்தான். நேப்பிள்ஸ் நகரம் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில். அங்கே ஒரு பெரிய ஸ்பானிய அதிகாரியின் வீட்டு விருந்துகளை நிர்வகித்தவர் அந்தோனியோ லத்தினி. 1692லும் 1694லும் இரண்டு பாகங்களாக ஒரு சமையல் புத்தகம் போட்டார். அதில் 'ஸ்பானிய முறைத் தக்காளி சாஸ்' என்று ஒரு குறிப்பு. செய்முறையைக் கேளுங்கள்...

அரை டஜன் பழுத்த தக்காளியைத் தணலில் சுட வேண்டும். கருகிய தோலை உரித்துவிட்டு, கத்தியால் பொடியாகக் கொத்த வேண்டும். வெங்காயம், மிளகாய் இரண்டையும் பொடியாக நறுக்கிச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் வாசனை இலை, உப்பு, எண்ணெய், வினிகர். முடிந்தது.

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? நம்மூரில் விறகடுப்பில் தக்காளியைச் சுட்டு, வெங்காயம் மிளகாய் சேர்த்துப் பிசைவோமே... சுட்ட தக்காளிச் சட்னி! இத்தாலியில் அச்சேறிய முதல் தக்காளி சாஸ், நம் வீட்டு அடுப்பங்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. காரணம் எளிது. லத்தினிக்கும் நமக்கும் வாத்தியார் ஒருவரே. அந்த மெக்ஸிகோ சந்தை!

கவனியுங்கள், லத்தினியின் சாஸ் வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள. பாஸ்தாவுக்கு இல்லை. அப்போதெல்லாம் நேப்பிள்ஸ் தெருக்களில் மக்ரோனி விற்பார்கள். ஏழை ஜனங்கள் மேலே துருவிய சீஸைத் தூவி, கையால் தூக்கி, அண்ணாந்து வாயில் போட்டுக்கொள்வார்கள். சிவப்பு கிடையாது, சாஸ் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. ரஷ்ய ராணி கேத்தரினிடம் சமையல்காரராக இருந்த லியோனார்தி, 1790ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் பாஸ்தாவும் தக்காளியும் சேர்ந்து தலைகாட்டுகின்றன. 1830களின் கடைசியில் காவல்காந்தி என்ற நேப்பிள்ஸ் பிரபு, சேமியா மாதிரி மெல்லிய பாஸ்தாவைத் தக்காளியோடு சேர்க்கும் முறையை எழுதினார். நேப்பிள்ஸ் வீடுகளில் பேசும் கொச்சை மொழியிலேயே ஒரு பகுதியை எழுதிய மனிதர் அவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'ஆதிகாலம் தொட்டு இத்தாலியர்கள் சாப்பிட்டு வரும் பாரம்பரிய உணவு' என்று நாம் நினைக்கும் பாஸ்தா - தக்காளி ஜோடிக்கு வயது சுமார் இருநூற்று சொச்சம்தான். ஜூலியஸ் சீசர் தக்காளியைப் பார்த்ததே இல்லை. மைக்கேல் ஏஞ்சலோ ஸ்பகெட்டியில் சிவப்பு சாஸ் ஊற்றிச் சாப்பிட்டதில்லை.

1891ல் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவர், பதிப்பாளர்கள் கைவிரித்த நிலையில் சொந்தக் காசைப் போட்டு ஒரு சமையல் புத்தகம் அச்சடித்தார். இத்தாலி ஒரே நாடாகி முப்பது வருஷம்தான் ஆகியிருந்த நேரம். நாட்டை ஒன்றாகச் சாப்பிட வைத்த புத்தகம் என்றே அதைச் சொல்வார்கள். அதில் தக்காளி சாஸ் குறிப்புக்கு முன்னால் ஒரு கதை சொல்கிறார். ஓர் ஊரில் ஒரு பாதிரியார். எல்லார் வீட்டு விஷயத்திலும் மூக்கை நுழைப்பார். நல்ல மனிதர்தான், கெடுதல் கிடையாது. ஆனால், அவர் இல்லாமல் எதுவும் நடக்காது. ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர், 'தக்காளி சாமியார்'. ஏனென்றால், தக்காளியும் அப்படித்தானே... எல்லாப் பாத்திரத்திலும் நுழைந்துவிடுகிறது! வரவேற்பறையில் முழித்த தக்காளி, அடுப்பங்கரையில் முழு ஆட்சி பிடித்த கதை இந்த ஒரு பட்டப்பெயரில் இருக்கிறது.

சரி, பயந்து ஒதுக்கிய பழம் எப்படி ஒரு நாட்டின் அடையாளமாக ஆனது? ருசி ஒரு காரணம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு காரணம். தக்காளி அழுகும்!

இத்தாலியின் தெற்கே கோடைக்காலத்தில் தக்காளி கொட்டோ கொட்டென்று காய்க்கும். ஜூலை, ஆகஸ்டில் எங்கு பார்த்தாலும் சிவப்பு. அப்புறம் வரும் குளிர்காலத்தில் ஒன்று கிடைக்காது. ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? கிடைக்கும்போதே பிழிந்து வைத்துக்கொண்டான். சிசிலித் தீவில் ஒரு வழக்கம் உண்டு. தக்காளிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, உப்புப் போட்டு, பெரிய மரப்பலகைகளில் பரப்பி, சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பார்கள். பெண்கள் சுற்றி நின்று அடிக்கடி கிளறிவிடுவார்கள். களிமண் மாதிரி கெட்டியாக, கருஞ்சிவப்பாக ஆனதும் ஜாடியில் அடைத்து எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கரைத்தால் போதும். அதன் பெயர் 'ஸ்த்ராத்து'.

மொட்டை மாடியில் பாயை விரித்து, பாட்டி வடாம் பிழிய, நாம் காக்காய் விரட்டியது ஞாபகம் வருகிறதா? அதே வெயில், அதே காவல், அதே கணக்கு. வெயிலைச் சேமித்து மழைக்குச் சாப்பிடுகிற கணக்கு!

பிறகு பாட்டில் வந்தது. ஆகஸ்ட் மாதம் குடும்பம் மொத்தமும் ஒரு முற்றத்தில் கூடும். தக்காளியை வேகவைத்து, அரைத்து, தோலும் விதையும் நீக்கி வடிகட்டி, பாட்டில்களில் நிரப்பி, ஆளுக்கொரு துளசி வகை இலையைப் போட்டு மூடி, பெரிய டிரம்மில் அடுக்கிக் கொதிக்கவைப்பார்கள். ஒரே நாளில் ஒரு வருஷத்துக்கான சாஸ். இன்றும் தெற்கு இத்தாலியில் பல குடும்பங்களில் இது ஒரு சின்னப் பொங்கல் மாதிரி நடக்கிறது.

வீட்டில் நடந்தது தொழிற்சாலைக்கும் போனது. 1856ல் பிரான்செஸ்கோ சிரியோ என்ற இருபது வயது இளைஞர் டூரின் நகரத்தில் பட்டாணியை டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார். நாளடைவில் அந்தத் தொழில் தெற்கே இறங்கித் தக்காளிக்கு வந்தது. வெசூவியஸ் எரிமலைக்குப் பக்கத்து மண்ணில் விளையும் 'சான் மர்ஸானோ' என்ற நீளத் தக்காளி... சதை அதிகம், விதை கம்மி, தோல் சுலபமாக உரியும்... டப்பாவுக்கென்றே பிறந்தது மாதிரி அமைந்தது. 1880 முதல் 1924 வரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள். அவர்களுக்குப் பின்னாலேயே டப்பாக்களும் கப்பலேறின. அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்த பீட்ஸா, 1996ல் டோமினோஸ் டெல்லியிலும் பீட்ஸா ஹட் பெங்களூரிலும் கடை திறந்தபோது நமக்கு வந்து சேர்ந்தது. மெக்ஸிகோ, ஸ்பெயின், நேப்பிள்ஸ், நியூயார்க், டெல்லி, கடைசியில் ஜி.எஸ்.டி. ரோடு!

என் பெண் ஒதுக்கிவைத்த அந்த பாட்டில் கெச்சப்பின் கதை தனி. அது இத்தாலியே இல்லை. தெற்குச் சீனக் கரையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் புழங்கிய மீன் சாறு ஒன்றின் பெயர்தான் கெச்சப். அதை ஆங்கிலேயர்கள் காப்பியடிக்கப் பார்த்து, காளானில் செய்து, வால்நட்டில் செய்து, கடைசியில் அமெரிக்காவில் தக்காளிக்கு வந்தது. 1876ல் ஹெய்ன்ஸ் கம்பெனி அதை விற்க ஆரம்பித்தது. சர்க்கரையும் வினிகரும் தூக்கலாக இருப்பதால் கெடாது. பாஸ்தாவில் ஊற்றினால் பாயசத்துக்கும் ஊறுகாய்க்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

நம்ம ஊருக்கு வருவோம். தக்காளியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள் என்பது பொதுவான கருத்து. வந்தவுடன் நாம் வாரி அணைத்துக்கொண்டோமா? நாமும் முழித்தோம். இத்தாலியர்களைவிட அதிக காலம் முழித்தோம்! ஜார்ஜ் வாட் என்ற அறிஞர் இந்தியாவின் பயிர், பொருள்கள் எல்லாவற்றையும் பற்றி 1889 முதல் 1893 வரை ஒரு பிரம்மாண்டமான அகராதி தொகுத்தார். அதில் என்ன சொல்கிறார் தெரியுமா? தக்காளி இங்கே முக்கியமாக ஐரோப்பியர்களுக்காகத்தான் பயிராகிறது, உள்ளூர் ஜனங்களுக்கு இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, வங்காளிகளும் பர்மாக்காரர்களும் புளிப்புக் கறியில் போடுகிறார்கள் என்கிறார். அர்த்தூசி 'தக்காளி சாமியார்' கதை எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே தக்காளி துரைமார் வீட்டுக் காய்!

அகராதி எதற்கு, என் அம்மாவைக் கேட்டாலே போதும். எங்கள் வீட்டில் திவசச் சமையலுக்குத் தக்காளி சேர்க்கமாட்டார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ், பச்சை மிளகாய் எதுவும் கிடையாது. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. ''ஏம்மா?'' என்றால், ''அதெல்லாம் இங்கிலீஷ் காய்டா. பித்ருக்களுக்கு ஆகாது'' என்பாள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சரித்திரக் கண்ணோடு பார்த்தால், அது ஓர் ஆவணம்! வெள்ளைக்காரன் கப்பலில் வந்த காய்கறிகளின் பட்டியலை ஒரு எழுத்துகூட எழுதாமல் பல தலைமுறையாகப் பாதுகாத்து வைத்திருக்கிறது அடுப்பங்கரை. முன்னோர்களுக்குத் தெரியாத காய் அவர்கள் இலையில் விழாது. மார்க்கெட்டில் 'நாட்டுத் தக்காளி' என்று எவ்வளவு கூவினாலும், திவசத்தன்று அதற்கு அனுமதி இல்லை.

அந்த நாட்டுத் தக்காளிக்குள்ளும் இன்னொரு ரகசியம் இருக்கிறது. தேனிப் பக்கம் 'அண்ணஞ்சி' என்று ஓர் உள்ளூர் ரகம். பெரியகுளத்தில் இருக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையத்தில் அதை எடுத்து, செயற்கையாக மரபு மாற்றத்தைத் தூண்டி, புது ரகம் ஒன்றை உருவாக்கினார்கள். 1978ல் வெளியிட்ட அதன் பெயர் பி.கே.எம்.-1. பெரியகுளத்தின் சுருக்கம். தட்டை உருண்டை, காம்பருகே பச்சைத் தோள். ஆமாம்... சண்முகம் சாலையில் 'நாட்டுது' என்று நாம் பொறுக்கும் அதே முகஜாடை! மெக்ஸிகோவில் வளர்ந்து, சீமைக்காரன் கப்பலில் வந்து, பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்தில் மறுபிறவி எடுத்த பழத்துக்கு நாம் கொடுத்த குடியுரிமைதான் 'நாட்டு' என்ற அடைமொழி.

கொடுத்தது தப்பில்லை. இன்று தக்காளி இல்லாமல் நமக்கு ஒரு நாள் ஓடாது. உலகத்தில் சீனாவுக்கு அடுத்து அதிகம் தக்காளி விளைவிப்பது இந்தியாதான். வருஷத்துக்குச் சுமார் இரண்டு கோடி டன். ஆனாலும் 2023 ஜூலையில் என்ன நடந்தது? சென்னையில் கிலோ நூறைத் தாண்டி எகிறியது. ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ அறுபது ரூபாய்க்குத் தமிழக அரசே தக்காளி விற்றது. அரிசி, சர்க்கரை வரிசையில் தக்காளிக்கும் க்யூ! 'ரசம் வேணாம், மோர்க்குழம்பு போதும்' என்று வீடுகள் சுருண்டன.

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டை வழியாகப் போனபோது, ரோட்டோரம் தக்காளி குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. மாடுகள் தின்று சலித்துப்போய் நின்றன. விலை இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று விழுந்துவிட்டால், பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது. வயலிலேயே விட்டுவிடுவது லாபம். டீக்கடையில் நின்றிருந்த ஒரு பெரியவர், ''போன மாசம் நகைய வெச்சு நாத்து வாங்கினேன் தம்பி. இப்ப மாட்டுக்குப் போடறேன்'' என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

ஒரு மாதம் ரேஷனில் க்யூ, இன்னொரு மாதம் ரோட்டில் குவியல். பழம் ஒன்றுதான். நடுவில் இல்லாதது ஒரு பாட்டில்! 2018 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்காக ஐந்நூறு கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஆனாலும் விளைவதில் மிகச் சிறிய பங்குதான் இங்கே ஆலைக்குப் போகிறது. நாம் பயிரிடும் ரகங்கள் பெரும்பாலும் பச்சையாக விற்பதற்கானவை. நீர்ச்சத்து அதிகம். காய்ச்சினால் கேஸ்தான் செலவாகும். இத்தாலியில் சாஸுக்கென்று தனி ரகம் தேர்ந்தெடுத்தார்கள். அதைச் சுற்றி ஆலை வந்தது. ஆலைக்கு முன்னால், ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் அந்தப் பழக்கம் இருந்தது. இத்தாலியத் தக்காளி சாஸ் என்பது பெரிய ஹோட்டல் சமாசாரமே இல்லை. மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கி, கிடைக்காத நாளுக்கு வைத்துக்கொண்ட ஏழைகளின் இன்ஷூரன்ஸ்.

நாம் நாலு பேர் வீட்டில் சாஸ் காய்ச்சினால் ராயக்கோட்டைப் பெரியவரின் நகை திரும்பிவிடாது. அவருக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆலை, நிலையான ஒரு விலை. ஆனால், விலை விழுந்த வாரத்தில் அரைக் கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ வாங்கும் பழக்கம் ஒரு ஊருக்கே வந்தால், அதுவும் ஒரு ஆரம்பம்தானே?

அதனால், செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சிவந்து பழுத்த பெங்களூர் தக்காளி ஒரு கிலோ. அதில்தான் சதை. புளிப்புக்கு நாட்டுத் தக்காளி இரண்டு. அடியில் கத்தியால் பிளஸ் குறி கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் போட்டால் தோல் தானாகக் கழன்றுவரும். கையாலேயே பிசைந்துகொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் நாலு ஸ்பூன் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் இருந்தால் விசேஷம், இல்லாவிட்டால் கடலை எண்ணெய். நசுக்கிய ஐந்தாறு பல் பூண்டைச் சின்னத் தீயில் வதக்குங்கள். வாசனை வர வேண்டும், சிவக்கக் கூடாது. சிவந்தால் கசக்கும். தக்காளியை ஊற்றி, உப்புப் போட்டு, மூடாமல் சின்னத் தீயில் அரை மணி, முக்கால் மணி. அவ்வப்போது கிளறுங்கள். எப்போது இறக்குவது? எண்ணெய் ஓரத்தில் பிரிய ஆரம்பிக்கும்போது. ஆமாம், நம் தொக்குக்கு என்ன அடையாளமோ, அதே அடையாளம்தான். சீரகம், மஞ்சள், மிளகாய்த் தூள் எதையும் போட்டுவிடாதீர்கள். கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருக்கும். இத்தாலிக்காரர்கள் மாதிரி பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைப்பதானால், புளிப்பின் அளவும் கொதிக்கவைக்கும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றில்லாத இடத்தில் விஷக்கிருமி வளரும். பழகாமல் இறங்காதீர்கள்.

கடைசியாக அந்த 'நாலு இலை'. இத்தாலியர்கள் 'பஸிலிகோ' என்று கொண்டாடும் பேஸில். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் குட்டி டப்பாவில் அடைத்து, யானை விலைக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து மலைத்து நின்றவன்தான் நானும். பிறகுதான் தெரிந்தது. அது நம்ம திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான்! ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா விதை இருக்கிறதே, அந்தச் செடி. இத்தாலி ரகத்தின் மணம் கொஞ்சம் வேறு, அவ்வளவுதான். ஆசியாவின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த இலை, எப்போதோ மேற்கே பயணம் போய், நேப்பிள்ஸில் மெக்ஸிகோ தக்காளியைச் சந்தித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, இப்போது இத்தாலியக் குடும்பமாகத் தாம்பரத்துக்கு வந்திருக்கிறது. பெண் வீட்டார் நாம்தான்!

எங்கள் மாடித் தொட்டியில் இருந்த திருநீற்றுப்பச்சிலையில் நாலு கிள்ளிப் போட்டேன். என் பெண் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

''தொக்கு நன்னாத்தான் இருக்கு. காரம் போட மறந்துட்டியே?''

அடுத்த ஞாயிறு மறுபடி சண்முகம் சாலை. அன்று விலை நன்றாக இறங்கியிருந்தது.

''நாட்டுதா, பெங்களூரா சார்?''

''ரெண்டும் மெக்ஸிகோதாம்மா'' என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ''அந்த ரகமெல்லாம் கோயம்பேட்டுல இருந்து வர்றதில்ல சார். எத்தினி கிலோ, அத்த சொல்லு.''

மூன்று கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.